தையல் மெஷின் கடன்

குழு நோட்டில் கடனுக்குக் காரணம் எழுத வேண்டும்.
பெல்ட் கிரைண்டர் என்றேன்.
மாவரைக்கவா என்றாள் சாலம்மாள்.
கத்தி தீட்ட என்றேன்.
பேனாவை மூடினாள், திறந்தாள்,
தையல் மெஷின் என்று எழுதிவிட்டாள்.
ஐயாயிரம். பத்து மாதம்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடையில்
புதிதாக நிற்பதன் விலை முப்பத்தெட்டாயிரம்.
இரண்டு முறை அதைச் சுற்றி நடந்தேன்.
மூன்று உருளை, ஒரு மோட்டார், ஒரு ஸ்பிரிங்.
வேறெதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை.
என்னம்மா வேணும் என்றார் கடைக்காரர்.
பார்த்தாச்சு என்றேன்.

பழையபேட்டையில் அமானுல்லாவின் காயலான் கடை.
ஏதோ கல்யாண மண்டபத்தில் மாவரைத்த மோட்டார்,
அரை எச்.பி.,
காற்றாடி மூடிக்குள் உளுந்து காய்ந்து ஒட்டியிருந்தது.
ஆயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்து
ஆயிரத்து இருநூறில் இறங்கி நின்றார்.
ஆங்கிள் இரும்பு ஆறு கிலோ.
பேரிங் நான்கு, சுழற்றிக் காதில் வைத்துப் பார்த்து எடுத்தவை.
ஸ்பிரிங் சும்மா கிடைத்தது:
ஓடாத மொபெட்டின் ஸ்டாண்டிலிருந்து.
வண்டி நிற்கையில் இழுத்துக்கொண்டிருந்தது
இனி ஓடுகையில் இழுக்கட்டும்.

பட்டைக்கு முதுகு கொடுக்க இரும்பு வைத்தால்
இரும்பும் சேர்ந்து தேயும்.
பர்கூர் சாலை கிரானைட் பட்டறை வாசலில்
கொட்டிக் கிடந்த சில்லுகளைக் கிளறினேன்.
உள்ளங்கை அகலம், கன்னங்கரேல்,
என் மூக்கு தெரிந்தது அதில்.
பேர் வெட்டணுமா என்று கேட்டார் காவலாளி.
இறந்தது யாருமில்லை என்றதும்
எடுத்துக்கோ என்றார்.

உருளை கடைந்தது திம்மராயன் லேத்தில்.
நானூற்றைம்பது.
நடுவில் லேசாக மேடு விடட்டுமா,
அதற்கு நூறு தனி என்றார்.
வேண்டாம், சமமாகவே இருக்கட்டும் என்றேன்.
சமம் நல்லதுதானே.

சமம் நல்லதில்லை.

சுவிட்சைப் போட்டேன்.
எமரி பட்டை இடப்பக்கமாக
அவசரமில்லாமல் நடந்து
விளிம்புக்கு வந்து
பாய்ந்தது.
கட்டைவிரல் நகத்தில் பாதியோடு
கோழிக்கூண்டின்மேல் போய்க் கிழிந்து கிடந்தது.
மூன்று ராத்திரி போல்ட்டைத் திருகினேன்.
கால் சுற்று இப்படி, இடமாக ஓடும்.
கால் சுற்று அப்படி, வலமாக ஓடும்.

நாலாம் நாள்
உருளையின் நடு வயிற்றில்
இன்சுலேஷன் டேப் நான்கு சுற்று,
அதன்மேல் அகலமாக இரண்டு.
மேட்டிலிருந்து வழுக்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.
பட்டை ஏறியது.
மேட்டைத் தேடி ஏறி
நட்டநடுவில் நின்று ஓடியது.
ஏனென்று எனக்கு இன்னும் தெரியாது.
டேப் இருபது ரூபாய்.
நூறை மிச்சம் பிடித்ததில் போனது
இருநூற்றிருபது ரூபாய்ப் பட்டை ஒன்று, நகம் அரை.

ஆனியில் காவேரிப்பட்டணத்துக் கூழ் ஃபேக்டரிகள்
ராத்திரியும் தூங்காது.
பெங்களூரா லாரி லாரியாக வரும்,
வெட்டுகிறவளுக்குக் கூடைக்கு இவ்வளவு என்று கூலி.
கத்தி மழுங்கினால் கூலி மழுங்கும்.
நானும் இரண்டு வருடம் வெட்டியவள்தான்.
ஷிஃப்ட் விட்டதும் வருகிறார்கள்,
கறை கறுத்த கத்திகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு.
கத்திக்கு ஐந்து ரூபாய்.
பொறி பறக்கையில் யாரும் பேசுவதில்லை.
வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும்
மோட்டார் முனகும்,
நான் கத்தியை எடுத்துவிட்டு
அது மூச்சு வாங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடியில் பேங்க்காரர் வந்தார்.
தையல் மெஷின் எங்கேம்மா?
பின்னால் சாலம்மாள்
கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
பட்டையைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன்.
துணிதான் சார், தொட்டுப் பாருங்க.
இதோ இந்த இடத்தில் ஒட்டு.
துணிதான் ஓடுது.
தொட்டுப் பார்த்தார்.
கிரானைட்டில் தன் முகத்தையும் பார்த்தார்.
ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் சாலம்மாள் வந்தாள்,
பேங்க்காரர் வீட்டு அரிவாள்மனையோடு.
காசு தரலையே என்றாள்.
தீட்டிக் கொடுத்தேன்.
அரிவாள்மனைக்குப் பத்து,
அவரிடம் சொல்லிவிடு.