படகுத்துறை, இரண்டாம் கவுண்டர்

யாஸ்னா மிஹோவிச் என்பவள்
சனிக்கிழமை இரவுகளில் பாடுகிறாள்,
அதுவும் சொந்தப் பாட்டு,
என்று எனக்குத் தெரியவே ஏழு மாதம் ஆயிற்று.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்.
இருவருக்கும் ஒரே ஸ்டேப்ளர்,
அதற்குத் தினமும் சண்டை.

புந்தா அரேனாஸில் காற்றுக்குத்தான் முதல் மரியாதை.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
தகரக் கூரைகள் விடியும்வரை பேசும்.
பாட்டைப் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால்
மைக்கில் முதலில் ஏறுவது கூரை.
எனவே அவள் துணி அலமாரிக்குள் புகுந்து
மூன்று கம்பளிக் கோட்டுகளைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு
ஈர ஆட்டின் வாடையில்
பாடினாள்.
இரண்டாவது பாட்டில்
முழங்கால் கிட்டாரில் இடிப்பது அப்படியே இருக்கிறது.
நான் அதை மேளம் என்று நினைத்திருந்தேன்.

மொத்தம் ஐந்து பாட்டு.
அட்டைப்படம் தங்கை டானிட்சா எடுத்தது:
பனியில் கிடக்கும் ஒற்றைக் கையுறை.
"உன் பெயர் எங்கே?" என்றேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அய்யோ" என்றாள்.

ஒரு வருடத்தில் ஆயிரத்து நானூறு தடவை
யாரோ எங்கோ கேட்டிருந்தார்கள்.
வந்த காசுக்கு இரண்டு எம்பனாடா.
ஒன்று எனக்கு.
ஒரு பாடகியின் ஆண்டு வருமானத்தில் பாதியை
நின்றபடியே தின்று முடித்தேன்,
வாயோரம் எண்ணெய் வழிய.

சாந்தியாகோவிலிருந்து ஒருவர் எழுதினார்.
குரல் நன்று. வேகம் போதாது.
படத்தில் சிரிக்கலாம்.
பின்னணியில் ஏதோ இரைச்சல்,
அந்தக் காற்றை மட்டும் எடுத்துவிட்டால்...
யாஸ்னா கவுண்டர் சன்னலைத் திறந்தாள்.
என் பக்கத்துக் காகிதமெல்லாம் பறந்தது.
"எடுக்கட்டும்" என்றாள்.

ஐந்தாவது பாட்டு ஒருவனைப் பற்றியது.
வடக்கே சுரங்கத்துக்குப் போனவன்,
முதலில் வாரம் ஒருமுறை பேசினான்,
பிறகு பண்டிகைக்குப் பேசினான்.
அதன் கடைசி வரியில் அவள்
காத்திருப்பேன், காத்திருப்பேன் என்று
படி இறங்குவது போல் இறங்குவாள்.
எனக்கு அது பிடிக்காது.
சொன்னதில்லை.

ஜூலையில் ஒரு நாள் ஜலசந்தி கொதித்தது.
படகு இல்லை. மூன்று மணிக்கே இருட்டு.
வரிசையில் லாரிக்காரர் ஓயார்சோ,
நூற்றிருபது ஆடு வெளியே கத்திக்கொண்டிருக்க,
கையைத் தேய்த்தபடி முணுமுணுத்தார்,
அவள் பாட்டை.
யார் பாடியது என்று தெரியாமல்,
அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு.
மெட்டு கொஞ்சம் கோணல்.
கடைசி வரிக்கு வந்தார்.
காத்திருந்தேன், காத்திருந்தேன் என்றார்.

யாஸ்னாவின் கை பயணச்சீட்டில் பாதி கிழித்து நின்றது.
"தப்பாகப் பாடுகிறீர்கள்" என்றாள்.
"இருக்கலாம்" என்றார் அவர்,
"போர்வெனீரில் எல்லோரும் இப்படித்தான் பாடுகிறார்கள்."

எல்லோரும் என்றால் எத்தனை பேர்?
மதியம் முழுக்க அவள் அதையே கேட்டாள்.
நான் எப்படிச் சொல்வேன்.
அன்று ஸ்டேப்ளர் என்னிடமே இருந்தது,
அவள் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை மதுக்கடைக்குப் போனேன்.
தொலைக்காட்சியில் பந்தாட்டம், சத்தம் அணைத்து.
நான்காம் பாட்டின் நடுவில் யாரோ கோல் என்று கத்தினார்கள்,
அவள் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.
ஐந்தாவது பாட்டு.
கடைசி வரி.
காத்திரு
என்று சொல்லி நிறுத்தினாள்.
விரல் கம்பியின் மேல், அழுத்தவும் இல்லை
விடவும் இல்லை.

கட்டளை போலிருந்தது.
காத்திருந்தோம்.
சமையற்காரி கதவோரம் கரண்டியோடு நின்றாள்.

பிறகு அவள் சொல்லை முடித்தாள்.
அந்த நேரம் பார்த்துக் கூரை குறுக்கே பேசிற்று.
வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன்:
"எப்படி முடித்தாய்? இருப்பேனா, இருந்தேனா?"
அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி
வரிசையில் முதலில் நின்ற கிழவரிடம்
சத்தமாகக் கேட்டாள்:
"போக மட்டுமா,
போக வரவா?"