பல்லைப் பிடித்துப் பார்த்தல்

மூன்றாவது சுற்றில்தான் வருமாம்.
முதல் இரண்டில் சாதுவாய் ஓடும் வண்டி
நேர்ச்சாலை முடிகிற இடத்தில்
அவள் பிரேக்கை மிதித்ததும்
உள்ளங்காலைத் திருப்பி உதைக்குமாம்.
மஞ்சள் விளக்கு எரியுமாம்.
நிற்க மனமில்லாமல்
இன்னும் ஒரு லாரி நீளம் போகுமாம்.

நிலோஃபர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள்.
அளவில் பொய் சொல்ல மாட்டாள்.

மேல்விஷாரம் பைபாஸ் ஓரம்,
தகரக் கூரைக்குக் கீழே நாற்பத்திரண்டு டிகிரியில்
ஸ்கேனரைச் செருகினேன்.
இடது முன்சக்கரம், வேக சென்சார், சிக்னல் சரியில்லை.
சென்சாரை மாற்றினோம்.
இருங்காட்டுக்கோட்டை போய் வந்தாள்.
மறுபடி மாற்றினோம், இந்த முறை ஒரிஜினல், பில்லோடு.
மூன்றாவது சுற்று. ஒரு லாரி நீளம்.

“ஃபியூஸைப் பிடுங்கிப் போடு,
ரேஸ் வண்டிக்கு எதுக்குய்யா ஏபிஎஸ்”
என்றான் டயர் கடை தணிகாசலம்.
பிடுங்கினேன், தெரிந்துகொள்ளத்தான்.
சக்கரம் பூட்டிக்கொண்டு கத்தியது, ரப்பர் நாறியது,
பெடல் உதைக்கவில்லை.
ஆக, எண்ணெய் நிரபராதி. மாஸ்டர் சிலிண்டரும்.
யாரோ சக்கரத்தைப் பற்றிக் கோள் சொல்கிறார்கள்.
ஃபியூஸைத் திரும்பச் செருகினேன்.
விளக்கை அணைத்தால் வியாதி தீருமென்றால்
வேலூருக்கு இத்தனை ஆம்புலன்ஸ் எதற்கு?

மீட்டர் வைத்து ஒயர் பார்த்தேன்.
ஆட்டினேன், வளைத்தேன், ஈரத்துணி சுற்றினேன்.
கனெக்டரில் பச்சை பூக்கவில்லை. எர்த் சுத்தம்.
ஆறிய வண்டி எல்லாக் கேள்விக்கும் சரியாகவே பதில் சொன்னது,
டாக்டரைக் கண்டதும் இருமல் நின்றுபோகிற ஆள் மாதிரி.

ஆறிய வண்டி.
இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது.

பக்கத்து அழகுநிலையத்தில்
மணப்பெண் ஒருத்தி ஈரத்தலையோடு முறைக்க,
பத்தே நிமிஷம் என்று சத்தியம் செய்து
முடி உலர்த்தும் மெஷினை வாங்கி வந்தேன்.
அச்சு முனையின் பல்வளையத்துக்குச் சூடு காட்டினேன்.
ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு.
கையால் சக்கரத்தைச் சுற்றி,
பல்லுக்குப் பல் ஃபீலர் தகடு நுழைத்து எண்ணினேன்.
முப்பத்தொன்று வரை இறுக்கம்.
அடுத்த பல்லில் தகடு ஆடியது.

முடியளவு விரிசல்.
அடியிலிருந்து துரு வளையத்தைப் பிளந்திருக்கிறது.
குளிர்ந்தால் மூடிக்கொள்ளும், சூட்டில் வாய் திறக்கும்.
அந்தப் பல் கடக்கும்போதெல்லாம்
சக்கரம் பூட்டிக்கொண்டதாய் கம்ப்யூட்டர் நம்பும்.
பூட்டிய சக்கரத்தை விடுவிப்பது அதன் வேலை.
நன்றாக உருண்டுகொண்டிருந்ததை விடுவித்தது.
காப்பாற்ற நினைத்துத்தான்
அவளைச் சுவரை நோக்கி அனுப்பியது.

“வண்டி எங்க வாங்கினீங்க?”
“எண்ணூர்ல. மலிவா வந்துச்சு.”
மலிவாய் வந்த மாட்டை
யார் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள்?
பாலாறு மணலாய்க் கிடக்கிற ஊருக்கு
ஒரு வளையத்துக்குள் ஒளிந்து
கடல் வந்து சேர்ந்திருக்கிறது.

புது வளையம் முந்நூற்றெண்பது ரூபாய்.
தேவையில்லாத சென்சார்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
பில்லை இரண்டு முறை படித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வாலாஜா தாண்டி, விற்காத மனைப்பிரிவு.
தார்ச்சாலை உண்டு, மஞ்சள் கல் உண்டு, வீடு இல்லை.
வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.
இருபது முறை ஓட்டி நிறுத்தினாள்,
பிரேக் புகைந்து பிளாட்டெல்லாம் கருகல் வாடை.
விளக்கு எரியவில்லை.
மணல் கிடந்த ஒரே இடத்தில் மட்டும் பெடல் உதைத்தது.
அங்கே உதைக்கத்தான் வேண்டும்.

டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி
நின்ற இடத்தை அளந்தாள்.
கைப்பேசியில் குறித்தாள்.
“இன்னும் சூடாகட்டும்” என்று
கதவைச் சாத்திக்கொண்டாள்.