எங்கிருந்து வந்தது

சண்டர்லாந்து நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும்.
ஒன்பதே முக்காலுக்கே மழையில் நின்றிருந்தார்
ஆல்வின் தர்லவே.
கோட்டுக்குள், நனையாமல், அரசாங்கத்தின் பழுப்பு உறை.

பம்பு செய்யும் தொழிற்சாலையில்
இருபத்தாறு வருஷம் ஃபிட்டர்.
போன பிப்ரவரி, லேத் மெஷின் பக்கத்தில்
முதல் ஃபிட்ஸ்.
நாக்கைக் கடித்து விழுந்தாராம்,
கையில் பிடித்த ஸ்பானரை மட்டும் விடவில்லை.
அதன் பிறகு பதினோரு தடவை.
ஒருமுறை சூப்பர்மார்க்கெட்டில்,
உறைந்த பட்டாணிப் பைகளுக்கு நடுவே.

உறைக்குள் நாலு பக்கம். ஒரு வரிதான் சேதி:
சோதித்துப் பார்த்ததில், வேலைக்கு நீங்கள் ஃபிட்.

"பெரிய அகராதி இருக்கிறதா?"
எஃப் தொகுதியைத் தூக்கி வந்து வைத்தேன்.
மேசை லேசாக முனகியது.

விரல் வைத்து, எண்ணி எண்ணிப் படித்தார்.
ஒன்று, தகுந்தது.
இரண்டு, தயாராய் இருப்பது.
திடமாய் இருப்பது.
சட்டை தோளில் பிசகாமல் உட்கார்வது.
அப்புறம்
வலிப்பு.
விரல் அங்கேயே நின்றது.

கோபம் தலைக்கேறிய கால்மணி நேரத்துக்கும்
இதே சொல்லாம்.
"எதிர்வீட்டு ஜோடி, பார்சல் பையனைப் பார்த்துச் சொல்வாளே,
அந்த ஃபிட் இதில் இல்லையே?"
பழைய பதிப்பு என்றேன்.

கீழே பொடி எழுத்தில் பூர்வீகம்.
ஆதி ஆங்கிலத்தில் சண்டை என்று ஒரு பொருள்,
நெடும்பாட்டின் ஒரு துண்டு என்றும்.
பிற்பாடு, உன்னோடு மோதச்
சரியான பலமுள்ள எதிராளி.
கடல் கடந்து வந்தவர்கள் பேச்சில்
நூலைப் பின்னுவது; அதுவாகவும் இருக்கலாம்.
இருக்கலாம், இருக்கலாம் என்றே போய்
கடைசியில் கையை விரித்திருந்தார்கள்:
எங்கிருந்து வந்தது, தெரியவில்லை.

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.
"மண்டையை ஸ்கேன் எடுத்துவிட்டு
டாக்டரும் இதையேதான் சொன்னார்."

பென்சில் கேட்டு வாங்கி
மேல்முறையீட்டுப் படிவத்தில் எழுதினார்:
ஐயா, நான் ஃபிட் என்று தெரிவித்திருக்கிறீர்கள்.
எத்தனையாவது பொருள் என்று குறிப்பிடவில்லை.
ஐந்தாவது என்றால் முழுச் சம்மதம்.

அவர்களே அனுப்பிய பதில் உறை சிறியது.
படிவம் இரண்டாய் மடித்தால் நுழையவில்லை,
நாலாய் மடித்தால் புடைத்தது.
நான் பெரிய உறை தேடி எழுந்தேன்.
வேண்டாம் என்றார்.
காகிதத்தைப் பிரித்து, கண்ணால் அளந்து,
மூன்றாய் மடித்து, கட்டைவிரல் நகத்தால் நீவி
உள்ளே தள்ளினார்.

ஓரத்தில் ஒரு நூல் இடம் மிச்சம்.
"அவ்வளவு விட வேண்டும்," என்றார்,
"இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும்."