கலர் கொப்பி

வாற வியாழக்கிழமையோடு ரெண்டு வருசம்.
அதற்குப் பிறகு வழக்கு வைக்க ஏலாது என்றார் லோயர்,
பாண் கடை மூடுகிற நேரம் சொல்வது போல.

கோட்டைமுனையில் அவருடைய கந்தோருக்குப் பதினேழு படி.
ஐந்து தரம் ஏறிவிட்டேன்.
கையெழுத்து ஒரு தரமும் வைக்கவில்லை.

தயாபரனுக்கு நாளுக்கு எவ்வளவு என்று கேட்டார்.
மேசன் வேலை, நாலாயிரம், மழைக்கு இல்லை.
அறுபது வயது வரைக்கும் பெருக்கினார்,
மாரி மாதங்களைக் கழித்தார்,
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
அவ்வளவு காசை அந்த மனிசன் கண்டதே இல்லை.
எங்கட குசினிச் சுவர் இன்னும் பாதிப் பூச்சோடு நிற்குது.

காலில் கம்பி கிழித்த காயம். காய்ச்சல்.
செட்டிபாளையத்தில் ஓட்டோ ஏறும்போது
கிளினிக் கொப்பியை அவரே மடியில் வைத்திருந்தார்.
முதல் பக்கத்தில் முந்தி ஒரு டொக்டர்
சிவப்பு மையால் இங்கிலீசில் எழுதி
கீழே ரெண்டு கோடும் இழுத்திருந்தார்.
எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.
நிறம் தெரியும்.

டெங்குக் காலம்.
கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குக் கீழே ஒருவர்.
முழு வார்டுக்கும் ரெண்டே மிஸ்மார்.
ஊசியோடு வந்தவவிடம் சொன்னேன்:
“மிஸ், கொப்பியைப் பாருங்க.”
“பார்த்தாச்சு அம்மா.”
ரெண்டாந்தரம் நான் சொல்லவில்லை.

“ஒரு தரம் சொன்னதே போதும்,” என்றார் லோயர்.
அவருக்குப் போதும்.

அதே மிஸ்தான் கட்டிலில் முழங்காலூன்றி
அவருடைய நெஞ்சை அமுக்கினா.
டொக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் அமுக்கினா.
முப்பத்தொன்றுக்கு எங்கட கேற்றடி மட்டும் வந்து
செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனா.

வாசிகசாலைப் பெடியன்கள் பெனருக்கு அளவெடுத்தார்கள்.
“மிஸ்ஸின்ர பேரைப் பெரிசாப் போடுவம் அக்கா,
பேரைக் கண்டால் சனம் சேரும்.”
நசீஹா என்பது அந்தப் பேர்.
எந்தச் சனம், எதுக்குச் சேரும் என்று
எனக்குத் தெரியாதா?
போங்கடா என்றேன்.
அன்று பின்னேரமே ஊரில் கதை:
அவள் காசு வாங்கிப்போட்டாள்.

ஆஸ்பத்திரி விசாரணை முடிந்து கடிதம் வந்தது.
நோயாளியின் உடல்நிலை காரணமாக, என்று இருந்தது.
காரணம் அவர்.
செத்ததும் அவர்.
அந்த வரியை மகன் வாசித்துவிட்டு
கொஞ்ச நேரம் குசினிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்தத் தொகை வேணாம்.
வேணாம் என்று சொல்லவும் பயம்,
பிள்ளைக்குக் கம்பஸ் செலவு இருக்கு.
ஒருவர் எழும்பி, எல்லோருக்கும் கேட்க,
நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால்
நானும் எழும்பி,
நான் ரெண்டாந்தரம் சொல்லவில்லை என்று சொல்லலாம்.
அதற்கு ஒரு கட்டடம் வேணும்,
கறுப்புக் கோட்டு வேணும்,
அஞ்சு வருசமோ பத்து வருசமோ வேணும் என்கிறார்கள்.

இன்றைக்குக் கல்லடிப் பாலம் தாண்டும்போது
வாவியில் ஒரு தோணியும் இல்லை, மழை.
கொப்பியை நெஞ்சுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து
போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தேன்.
பெடியன் நீட்டிய தாளில்
எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு.
ரெண்டு கோடும் கறுப்பு.
விசாரணைக்காரர் பார்த்ததும்
இப்படி ஒரு தாளைத்தானோ.

“கலரில போடு மனே.”
“ஒண்டு எண்பது ரூபா வரும் அன்ரி.”
“போடு.”
“எத்தனை?”

லோயர் கேட்டது மூன்று.
நாலு என்றேன்.