வெறும் வயிறா?

காலை ஆறு பத்துக்கு
ரத்தம் எடுக்கும் அறையின் ஷட்டர் ஏறும்போது
டோக்கன் நூற்றெண்பதைத் தாண்டியிருக்கும்.
மால்டாவிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்கியவர்கள்,
ஒடுகத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்தவர்கள்,
சித்தூர்க்காரர்கள்.
எல்லோரிடமும் ஒரே கேள்வி:
வெறும் வயிறா?
காலி பேட்?
பரகடுப்பா?
மூன்று மொழியிலும் தலையாட்டல் ஒன்றுதான்.

எனக்கும் வெறும் வயிறுதான். யாரும் கேட்பதில்லை.
நேற்று இரவு ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி,
இனி பதினொன்றரைக்கு.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
இந்த ஊருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
என் பங்குக்கு
இட்லியில்லாக் காலை.

ஐந்து மாதத்தில் ஏழு கிலோ.
மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன்.
கையுறையோடு கழன்ற கல்யாண மோதிரம்
சிவப்புப் பைக்குள் விழுந்து
தேடி எடுத்தேன், சிரித்துக்கொண்டே.
பத்தேகாலுக்கு கேன்டீனில் தாளிக்கும் கடுகு
ஒவ்வொன்றாகக் காதில் வெடிக்கும்.
அதையும் தாண்டிவிட்டால்
தலைக்குள் ஒரு வெளிச்சம்; நரம்பு தானாகக் கிடைக்கும்.

சீப்பில் சுருண்டு வரும் முடியை யாரிடமும் சொல்லவில்லை.
இரண்டு மாதம் நாள் தள்ளிப்போனதையும்.
பென்சில் கேட்ட மகளிடம் கத்தியதையும்.

நோன்பு மாதத்தில் பக்கத்து நாற்காலி தபசும்
எச்சில் விழுங்காமல் நூறு பேருக்கு ஊசி போடுவாள்.
"எங்களுக்கு பாங்கு சொன்னா தொறந்துடுவோம்.
ஒடம்பு முடியலன்னா வுட்டுட்டு அப்புறமா வெக்கலாம்.
ஒனக்கு யாருடி பாங்கு சொல்றது?"

குணாளன்,
அம்முண்டி சர்க்கரை ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்தவர்.
கரும்பு வண்டியை ஏற்றி நிறுத்தி, காலி வண்டியை நிறுத்தி,
வித்தியாசத்தை எழுதி வைத்தவர்.
தன்னையும் அப்படியே எழுதினார், பழைய டைரியில்:
தொண்ணூற்று மூன்று. எண்பத்திரண்டு.
மூன்று மாதச் சர்க்கரை
ஒன்பது புள்ளி நாலு, இப்போது ஆறு புள்ளி ஆறு.
மார்க் ஷீட் போல நீட்டினார்.
சூப்பர் சார் என்றேன்.
அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு செவ்வாய், டோக்கன் தொண்ணூற்றாறு.
பதினாறு மணி நேரம் அவருக்குப் போதாமல் போயிருந்தது;
ஞாயிறு மதியத்தோடு சோறு நின்றிருந்தது.
சர்க்கரை மாத்திரை மட்டும் நிற்கவில்லை, காலையும் மாலையும்.
சட்டை முழுக்க வியர்வை. தொட்டால் ஜில்லென்று இருந்தது.
"அடுத்த வண்டிய ஏத்து, அடுத்த வண்டிய"
என்று என் மேஜையைப் பார்த்துச் சொன்னவர்
பக்கவாட்டில் சரிந்தார்.
விரல் நுனியில் ஒரு சொட்டு:
நாற்பத்தொன்று.

நரம்பில் குளுக்கோஸ் இறங்கி
கண் திறந்ததும் முதல் பேச்சு:
"இத ஏத்துனதால டெஸ்ட்டு தப்பா காட்டிடுமாம்மா?
நாளைக்கு வெறும் வவுறா வரட்டா?"

டாக்டர் பட்டினியை முழுசாக விடச் சொல்லவில்லை.
மாத்திரையைப் பாதியாக்கினார்,
பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார்,
அடுத்த தடவை என்னைக் கேட்காமல் ஆரம்பித்தால்
அந்த டைரியைக் கிழித்துவிடுவேன் என்றார்.

இப்போது என் கேள்வி நீண்டுவிட்டது.
வெறும் வயிறா? எத்தனை மணியிலிருந்து?
மாத்திரை போட்டீங்களா, எந்த மாத்திரை?
ஆளுக்குக் கால் நிமிடம் கூடுகிறது.
சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
நான் ஊசியைப் பார்க்கிறேன்.

நேற்று இரவு ஏழாம் வகுப்பு படிக்கிறவள்
தோசையைப் பாதியில் மடித்துத் தள்ளினாள்.
"போதும்மா. மணி ஏழரை ஆயிடுச்சு."
காலையில் கொடுத்துவிட்ட டிபன் டப்பா
கனமாகவே திரும்பி வந்திருந்தது.
மூன்று மொழியில் கேட்கத் தெரிந்த எனக்கு
ஒன்றும் வாயில் வரவில்லை.
இன்னொரு தட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
எட்டு, எட்டே கால்.
நான் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன்.
தோசை ஆறிப்போயிருந்தது.