மூன்றாம் வாசகம்

மருதானையில் ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடி.
ஏசி பழுது. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹோர்ன்,
மூடினால் பதினொரு பேரின் மூச்சு.
நான் மொழிபெயர்ப்பாளர்.
எனக்கு அங்கே கதிரை உண்டு, கருத்துக் கிடையாது.

அன்றைக்கு மூன்றாம் வாசகம்:
மறுப்பு எழுதி வைக்காத ஒவ்வொருவரும்
இறந்தபின் தம் உறுப்புகளைத் தரச்
சம்மதித்தவராகக் கொள்ளப்படுவர்.

கொள்ளப்படுவர்.
அந்த வினைக்குள் ஒளிந்திருப்பது யார் என்று
பென்சிலால் தேடினேன்.
கருதுவதும் கொள்ளுதல்தான்,
எடுப்பதும் கொள்ளுதல்தான்.
தமிழ் சில வேளை
சட்டத்தை விட நேர்மையாக இருந்துவிடுகிறது.

டாக்டர் விஜேகோனின் கணக்கில் பிழையில்லை.
திரையில் நீலக்கோடு, வரிசையில் நிற்பவர்கள்.
சாம்பல்கோடு, நின்றபடியே போனவர்கள்.
நல்ல மனிதர். இரவிரவாக வார்டில் நின்ற கண்கள்.
அந்த நீலத்துக்குள் என் தம்பியும் நிற்கிறான்.
சபையில் நான் அதைச் சொல்லவில்லை.

தேரர் விசிறியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:
தானத்துக்குக் கேட்கிறவன் ஒருவன் வேண்டும்,
கொடுக்கிறவன் ஒருவன் வேண்டும்.
நான் தமிழில் சொல்லும்போது
'கேட்கிறவன்' கொஞ்சம் உரத்து விழுந்துவிட்டது.
மௌலவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிரதிச் செயலாளர் சிரித்தபடி
தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பழமொழியை எடுத்துவிட்டார்:
"மௌனம் சம்மதம். உங்கட ஆக்கள் சொல்றதுதானே, மிஸ்?"

சொல்கிறதுதான்.
கொட்டாஞ்சேனையில், இருபத்திரண்டு வயதில்,
கோப்பித் தட்டோடு நின்ற எனக்கும் சொன்னார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
திறக்காத வாயைப் பார்த்து
ஆனி மாதத்தில் நாள் வைத்தார்கள்.
நல்ல மனுசன்தான் அவர்.
கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.
ஆனால் கேட்கவில்லை.
அந்தச் சின்ன முள்
முப்பது வருடம் விரலில் இருந்தது.

பழைய ஆள் என்று அலுவலகத்தில் என்னைச் சொல்வார்கள்.
சரிதான்.
வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை.
மூன்று தடுப்பூசியும் முதல் நாளே போட்டுக்கொண்டேன்.
ஒன்றுக்கொன்று சண்டை வந்ததில்லை.
உடம்பு இரவல் பொருள் என்பது என் நம்பிக்கை.
இரவல் பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால்
ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடுப்பதுதான் முறை.
முறை என்பது இவ்வளவுதான், பெரிய தத்துவம் இல்லை.

அவர் போன இரவு
பெரியாஸ்பத்திரியில் ஒரு தாதி வந்தாள்,
மாத்தறைப் பக்கத்துச் சின்னப் பெண்.
படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
அம்மா என்று தொடங்கி நிறுத்தினாள்.
மறுபடி தொடங்கினாள்.
அவர் கண்களைத் தருவீர்களா என்று கேட்டாள்.
அந்தத் தயக்கத்துக்காகவே கையெழுத்து வைத்தேன்.
மூன்றாம் வாசகம் வந்தால்
அவள் தயங்கத் தேவையில்லை.
வரவே தேவையில்லை.

155-இல் மட்டக்குளிக்கு இறங்கும்போது ஏழு மணி.
நிமலேந்திரன் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தான்.
ஊசி ஏற்றும் கை
தொட்டால் வண்டுபோல் இரையும்.
எல்லாவற்றையும் சொன்னேன்,
வினையை, விசிறியை, பழமொழியைக்கூட.

கனநேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு,
"கேட்டுத் தந்தால் என்ன, கேளாமல் தந்தால் என்ன அக்கா?
எனக்கு நேரமில்லை."

நான் பதில் வைத்திருக்கவில்லை.
இன்றைக்கும் இல்லை.
மூன்றாம் வாசகம் பையில் இருக்கிறது,
திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.
சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் பெயர்த்திருக்கிறேன்.

அவனுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்.
கோப்பையில் அரைவாசி ஊற்றிக்கொண்டு வந்து
"தரவா?" என்றேன்.
உதடு காய்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.