எந்த இரண்டு மணி

அனுமதிச் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்:
ஞாயிறு, அதிகாலை இரண்டு முதல் மூன்று வரை.
எந்த இரண்டு, என்கிறாள் உர்சினா,
கூர் நகரத்திலிருந்து, தொலைபேசியில், எதையோ மென்றபடி.
அக்டோபரின் கடைசி ஞாயிறு.
மூன்றைத் தொட்ட கடிகாரம் பின்வாங்கி
மறுபடி இரண்டாகும் இரவு.
கையெழுத்துப் போட்ட ஆறு பேரில்
ஒருவருக்கும் தோன்றவில்லை.
எழுதிய எனக்கும்தான்.

ஓல்ட்டன், ஆஸ்பத்திரி நிலவறை.
வெளியே ஆரே ஆறும் சரக்கு ரயிலும் இருக்கலாம்;
இங்கே விசிறிகளைத் தவிர எதுவும் கேட்காது.
குளிருக்குப் போட்ட கையுறையோடு தட்டெழுத முடியாமல்
வலதை மட்டும் கழற்றி
மடியில் வைத்திருக்கிறேன்,
யாருடையதோ போல் கிடக்கிறது.

முதலில் கேட்க வேண்டும். மாற்றுவது பிறகு.
ஒரு வரி தட்டுகிறேன்.
தட்டுக்குப் பன்னிரண்டு வட்டாக
பெயரும் ஃபர்ம்வேர் பதிப்பும் சொல்லி
கறுப்புத் திரையில் இறங்கி வருகின்றன.
எல்லாம் ஒன்பது, ஒன்பது, ஒன்பது.
நாலாம் தட்டு மட்டும் ஏழு.

ஏழில் ஒரு பிழை.
மின்சாரம் ஏறிய கணத்திலிருந்து
மணி மணியாக எண்ணிக்கொண்டே வந்து
32,768-ஐத் தொட்டதும்
எண்ணுவதற்கு இடம் தீர்ந்து
வட்டு தன்னையே மறந்துவிடும்.
ஒன்று போனால் தாங்குவோம். இரண்டு போனாலும்.
ஆனால் ஒரே பெட்டியில் வந்து
ஒரே மத்தியானம் விழித்த பன்னிரண்டு இவை.
பந்தி மொத்தமும் ஒன்றாக எழுந்துவிட்டால்
பரிமாறுகிறவன் என்ன செய்வான்?

எத்தனை மணி ஆயிற்று என்று கேட்கிறேன்.
32,766, என்கின்றன பன்னிரண்டும்.
அதற்கு மேல் எத்தனை நிமிடம்
என்பதைச் சொல்லும் கட்டளை இல்லை.

உர்சினா மெல்வதை நிறுத்திவிட்டாள்.
பிறகு: முதல் இரண்டு, ரூபி.
சட்டப்படி அதுவும் இரண்டுதான்.

2:11. நிச்சயமா, என்கிறது திரை.
ஓர் எழுத்துத்தான் பதில்.
முதல் வட்டின் பச்சை அணைந்து
செம்மஞ்சள் வந்து, அதுவும் அணைந்து,
ஒன்றுமே இல்லாத சில விநாடிகள்;
திரும்பி வந்து ஒன்பது என்றது.
அடுத்தது.
அவசரப்படுத்தக் கூடாது. எழுப்பி, உடுத்தி,
ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும் பள்ளிக்கு.
வியாழக்கிழமை சைக்கிளோடு சறுக்கிய
தபால்காரரின் மணிக்கட்டு இதில் எங்கோ இருக்கிறது,
சீட்டுச் சீட்டாகக் கிழித்து, பன்னிரண்டு இடத்தில்.
மேலே மூன்றாம் மாடியில் யாராவது
அதைத் திறந்தால் அரை விநாடி தாமதிக்கும்.
கொட்டாவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

2:52. பதினொன்று முடிந்தது.
பன்னிரண்டாவது போனது, வரவில்லை.
கேட்டேன். பதில் இல்லை.
மறுபடி கேட்டேன்.
சில நேரம் சொற்கள் போதாது;
எழுந்து போய் தாழ்ப்பாளைத் திறந்து
வட்டைப் பாதி வெளியே இழுத்து,
வெறுங்கையில் அதன் சூடு,
முப்பது எண்ணி,
உள்ளே தள்ளினேன்.

செம்மஞ்சள்.
செம்மஞ்சள்.
உர்சினா ரோமான்ஷில் ஏதோ சொன்னாள்,
ஜெபமா வசவா தெரியவில்லை.
பச்சை.

மணி 2:04.

பதிவேட்டை இறக்கிப் பார்க்கிறேன்.
யாரோ உள்ளூர் நேரத்தில் விட்டுப்போன கடிகாரம்:
முதல் வட்டு தொடங்கியது 2:11-க்கு,
கடைசி வட்டு முடிந்தது 2:04-க்கு.
தொடங்குமுன் முடித்துவிட்டேன்.
திங்களன்று தணிக்கையில் இதைக் கேட்பார்கள்.
குறிப்புப் பெட்டியில் ஒரு வரிக்கு இடம் உண்டு.
எழுதினேன், அழித்தேன்,
'எல்லாம் ஒன்பது' என்று மட்டும் வைத்தேன்.

சீட்டின்படி இன்னும் ஐம்பத்தாறு நிமிடம் என்னுடையது.
கையுறையைத் தேடுகிறேன்.
நாலாம் தட்டின் கீழே கிடக்கிறது.